பதினொன்று

கடைசி ஆள் நான்.
முதல் மாதம் என் மூச்சுதான் என்னை அங்கே நிறுத்தியது.
இரண்டாம் மாதம்
சங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது:
பவளம், பின்காவல்.
ஒரு விசில், இரண்டு டியூப், பஞ்சர் பசை,
விழுந்தவர் எழுந்ததும் கொடுக்கப் புளிமிட்டாய்.

கலோவில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு
ரயில் நிலையத்து வாசல் பனி
ஆளை மறைத்துச் சக்கரத்தை மட்டும் காட்டும்.
எண்ணுவோம்.
டில் பகதூர் நேபாளியில் 'ஏக்' என்பான்.
என்றைக்கும் அவன்தான் ஏக்.
நாங் ஹோம் ஷானில் 'ஸோங்'.
பள்ளிக்கூட வாத்தியார்கள் இருவரும்
பர்மியில் 'தோன்', 'லே'.
அருள்தாஸ் விரலை மட்டும் காட்டுவான்,
வாய் நிறைய ரொட்டி.
இப்படி மொழி மாறி மாறி வந்து
எண் என்னிடம் முடியும்:
'பதினொன்று.'
அதைக் கேட்ட பிறகே
டில் பகதூரின் கால் பெடலில் ஏறும்.

அவனுக்குப் பாதை தெரியும்.
பாதைக்கு என்ன ஆயிற்று என்பது
எனக்குத்தான் தெரியும்.
எந்த வளைவில் யார் பயந்து பிரேக் பிடித்தார்கள்,
சேற்றுக் கீறல் சொல்லிவிடும்.
வேலியில் ஒற்றைக் கையுறை.
முட்டைக்கோசு வயலில்
ஓர் ஆள் அகலத்துக்குப் பள்ளம்
(குன் ஆங்; மூன்று கோசு; விலை கொடுத்தாயிற்று).
மாத அறிக்கையில் இதையெல்லாம்
நான் எழுதுவதில்லை.

போன ஞாயிறு,
மழை விட்டுவிட்டதாக நம்பி,
நீர்த்தேக்கத்துக்கு மேலே போனோம்.
நான் போய்ச் சேரும்போது
பத்துப் பேரும் இறங்கி நிற்கிறார்கள்,
பந்தியில் இலை கிடைக்காதவர்களைப் போல.

பாதை இல்லை.
இரவே சரிந்திருக்க வேண்டும்.
ஒரு பைன் மரம் நின்ற வாக்கிலேயே
இருபதடி கீழே இறங்கியிருந்தது,
அடியில் நாட் தெய்வத்துக்கு வைத்த
பலகை மாடத்தையும் கூட்டிக்கொண்டு.
மாடத்தில் பூக்குவளை மட்டும் சாய்ந்திருந்தது.

ஒற்றையடி. தாண்டவும் முடியாது,
ஒதுங்கி வழிவிடவும் முடியாது.
நின்ற இடத்திலேயே
அவரவர் பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பினோம்.
திருப்பிப் பார்த்தால்
எனக்கு முன்னால் யாரும் இல்லை.

இரண்டு வருடமாக
யாராவது ஒருவரின் முதுகைப் பார்த்துத்தான் மிதித்தேன்.
பெரும்பாலும் அருள்தாஸின் முதுகு,
தோளில் தையல் விட்ட நீலச்சட்டை.
இப்போது வெறும் மண்.
அதில் நாங்கள் வந்த தடம் பதினொன்றும் பின்னிக் கிடக்க,
எல்லாவற்றுக்கும் மேலாக
யாரும் மிதிக்காத ஒன்று.
என்னுடையது.
அதைப் பிடித்துக்கொண்டே போனேன்.

மெதுவாகத்தான்.
வேரைக் கண்டால் இறங்கினேன்.
கல்லைக் கண்டால் தள்ளினேன்.
முதுகுக்குப் பின்னால் பத்து பிரேக்குகள் முனகின.
ஒருவரும் வழி கேட்கவில்லை.
குன் ஆங் பாடவே ஆரம்பித்துவிட்டான்,
பாடுகிற அளவுக்கு அவனுக்கு
மூச்சு மிஞ்சி நான் பார்த்ததில்லை.

தண்டவாளத்தருகே நின்றேன்.
எண்ண வேண்டுமே.
'ஒன்று' என்றேன்.
புதிதாக முளைத்த பல்லைப் போல
அந்தச் சொல் வாயில் இடறியது.
எண்கள் ஏறி வந்து
பத்தில் நின்றன.
பனி விலகிய மேட்டைப் பார்த்து
நாங் ஹோம் கூவினாள்.
ஒரு சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போய் முடிந்தது.

அப்புறம் வந்தான் டில் பகதூர், மூங்கில் வளைவிலிருந்து.
பையில் ஒரு தண்ணீர்ப் புட்டி,
யாருடையதோ பெடல் மூடி,
என் விசில்.
'எவ்வளவு கிடக்கிறது வழியில்!' என்றான்,
நான்தான் கொட்டிவிட்டு வந்தவள்போல.
எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம்.
எதற்கென்று புரியச் சற்று நேரம் பிடித்தது.
'பதினோண்ணு' என்றான்,
தமிழில்,
நான் இழுக்கிற இடத்தில் அவனும் இழுத்து.

இந்த மாத அறிக்கை:
சரிவைப் பற்றி ஊராரிடம் சொல்லியாயிற்று.
பிரேக் கட்டை மாண்டலேயிலிருந்து
வியாழன் வண்டியில் வரும், வண்டி வந்தால்.
சந்தா பாக்கி: அருள்தாஸ்.
அடுத்த ஞாயிறு ஓட்டம் கிடையாது,
மண்வெட்டி கொண்டுவரவும்.
மரத்தை வெட்டுவதில்லை.
புதுப் பாதை அதைச் சுற்றிப் போகும்.
மாடத்தில் குடியிருப்பவரிடம்
அனுமதி கேட்கும் பொறுப்பு
சின்ன வாத்தியார் ஸின் மௌங்குக்கு.